நான்கு வயது மகன் எதற்கெடுத்தாலும் “என்ன தருவீங்க?” என்கிறான்

உப்புவெளி அம்மா
ஞாயிறு, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் மற்றவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு எழுதாமல் படுத்தால் நித்திரை வராது.

மகனுக்கு நான்கு வயதும் மூன்று மாதமும். மகளுக்கு எட்டு மாதம். கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்தில் இரண்டு தடவை வருவார். வீட்டில் நானும் என் அம்மாவும்தான்.

மகள் பிறந்த நேரம் மகன் ஒவ்வொன்றுக்கும் அடம்பிடிக்கத் தொடங்கினான். பல் துலக்க மாட்டேன், உடுப்புப் போட மாட்டேன், நேர்சரிக்குப் போக மாட்டேன். கையில் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு அவனோடு மல்லுக்கட்ட முடியவில்லை. ஒரு டொபியைக் காட்டினால் ஓடி வந்து செய்தான். முதலில் பல் துலக்க ஒன்று. பிறகு குளிக்க ஒன்று. பிறகு சோற்றுக்கு. இப்போது “மகன், அந்தத் துவாயை எடுத்துத் தாங்கோ” என்றால் நின்ற இடத்தில் நின்றுகொண்டு “என்ன தருவீங்க?” என்கிறான். டொபி என்றால் “ரெண்டு” என்கிறான்.

வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போனோம். ஏறிப் போகிற வழியெல்லாம் கடைகள் என்பது உங்களுக்குத் தெரியும். சவர்க்கார நுரை ஊதுகிற துப்பாக்கி ஒன்றைக் கண்டுவிட்டான். இல்லை என்றேன். வழியிலேயே மல்லாந்து படுத்துவிட்டான். கோயிலுக்கு வந்த சனம் முழுக்கச் சுற்றிப் போகிறது. ஐந்தாறு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வாங்கிக் கொடுத்தேன். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, அதற்குள் சிரிப்பு.

இன்றைக்கு நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. தங்கச்சியின் தொடையில் கிள்ளினான். எனக்கு வந்த கோபத்தில் முதுகில் ஒன்று போட்டேன். அரை மணித்தியாலம் கழித்துக் குசினியில் இருந்து எட்டிப் பார்க்கிறேன். அவனுடைய காரை அவள் வாயில் வைத்திருக்கிறாள். அவள் முதுகில், நான் அடித்த அதே இடத்தில், “சொல்வழி கேக்க மாட்டியா?” என்று என் குரலில் சொல்லி அடிக்கிறான்.

டொபியை ஒரேயடியாக நிறுத்துவதா? பரிசு கொடுப்பதே பிழையா? அடிக்காமல் எப்படித் திருத்துவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


சீனக்குடா அண்ணா
ஞாயிறு, இரவு 10.40

தங்கச்சி, முதலில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுங்கள். “என்ன தருவீங்க” என்று கேட்பதில் பிள்ளையின் பிழை ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு என்று அவனுக்கு நாம்தான் காட்டிக் கொடுத்தோம். என் மகளும் இதையே செய்தாள், இப்போது ஏழு வயது, நன்றாக இருக்கிறாள். எப்படி மாறினாள் என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியாது. நேர்சரி டீச்சர் இரவில் வருவார், அவர் எழுதட்டும்.


நேர்சரி டீச்சர்
திங்கள், காலை 5.25

உப்புவெளி அம்மா, உங்கள் பதிவை இரவே வாசித்தேன். அவசரமாகப் பதில் எழுத விரும்பவில்லை. இருபத்திரண்டு வருடமாக மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளோடுதான் என் காலை போகிறது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

பரிசு பிழையில்லை. எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டை விட்டு வெளிக்கிட முதல், “கோயிலுக்குப் போய் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தால் திரும்பும்போது கச்சான் வாங்குவோம்” என்று சொல்லி, அவன் நடந்து வந்தபின் வாங்கிக் கொடுத்தால் அது பரிசு. அவன் படுத்து உதைக்கும்போது வாங்கிக் கொடுத்தால் அது அழுகைக்குக் கொடுத்த கூலி. இரண்டிலும் செலவாகிற காசு ஒன்றுதான். பிள்ளை படிக்கிற பாடம் வேறு. அன்றைக்கு நீங்கள் ஐந்தாறு நிமிடம் தாங்கியதில் அவன் படித்தது என்ன தெரியுமா? ஐந்தாறு நிமிடம் அழுதால் கிடைக்கும் என்பதை. அடுத்த முறை அவ்வளவு நேரமும் அழுவான்.

உள்துறைமுகப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுக்க ஒன்றுமே கொத்தாவிட்டால் இரண்டு மூன்று நாளில் இடத்தை மாற்றிவிடுவார்கள். இடைக்கிடை ஒரு மீன் கொத்துகிற இடத்தை மட்டும் விடவே மாட்டார்கள், வெயிலிலும் இருப்பார்கள். பிள்ளையின் அடமும் அப்படித்தான். பத்து முறை இல்லை என்று சொல்லிப் பதினோராவது முறை விட்டுக்கொடுத்தால், அந்த ஒரு முறைதான் அவனுக்கு மீன். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாவையும் எலியையும் வைத்துக் கண்டதும் இதைத்தான். இடைக்கிடை கிடைப்பதால் வளர்ந்த பழக்கம் லேசில் விடாது. ஆகவே “இல்லை” என்று சொல்ல முதல் யோசியுங்கள். வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றினால் கேட்ட உடனேயே கொடுத்துவிடுங்கள், அதில் பிழையில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் கோயில் சனம் பார்த்தாலும் இல்லைதான். படுத்துவிட்டால் ஓரமாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் பேசாமல் இருங்கள். ஏசவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

டொபியை ஒரேயடியாக நிறுத்தினால் அவனுக்கு ஏன் என்று விளங்காது. நான் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். பல் துலக்குவதை எடுப்போம். ஒரு ஜாம் போத்தலைக் கழுவி, கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் பக்கத்தில் வையுங்கள். பல் துலக்கிய உடனே, வாய் துடைக்க முதலே, ஒரு சிப்பியை அவன் கையாலேயே போத்தலில் போடட்டும். விழுகிற சத்தம் அவனுக்கு முக்கியம். ஐந்து சேர்ந்தால் டச்பே கடற்கரைக்கு அவனும் நீங்களும் மட்டும், தங்கச்சி இல்லாமல். ஐந்துக்கு மேல் வேண்டாம். நான்கு வயதில் “அடுத்த கிழமை” என்பது அடுத்த பிறவி மாதிரி. சில வாரத்தில் பல் துலக்குவது பழக்கமாகிவிடும், போத்தலை அவனே மறந்துவிடுவான். நீங்களும் நினைவூட்டாதீர்கள்.

போட்ட சிப்பியைக் குழப்படி செய்ததற்காக வெளியே எடுக்கவே கூடாது. காலையில் நன்றாகப் பல் துலக்கியது மாலையில் கிள்ளியதால் இல்லாமல் போகாது. எடுத்தால் அடுத்த நாள் போத்தல் பக்கமே வரமாட்டான்.

தங்கச்சியைக் கிள்ளுவதைப் பற்றி மத்தியானம் எழுதுகிறேன். இப்போது பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள், கூட்டிக் கழுவ வேண்டும்.


திருமலை பழையவர்
திங்கள், காலை 8.05

டீச்சர் எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நாங்கள் ஏழு பிள்ளைகள். ஐயா துறைமுகத்தில் வேலை. வீட்டுக் கூரையில் ஒரு பூவரசங்கம்பு செருகி இருக்கும். அதைப் பார்த்தாலே நாங்கள் ஒழுங்காக இருப்போம். சிப்பியும் இல்லை, டொபியும் இல்லை. ஏழு பேரும் படித்து ஆளாகினோம். அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பயமே இல்லாமல் வளர்க்கிறோம். நாளைக்கு உலகம் அவனுக்குச் சிப்பி போடாது.


கிண்ணியா உம்மா
திங்கள், காலை 9.50

ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதையோடு எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் கம்பு இருந்தது. வாப்பா நல்ல மனிதர், எங்களுக்காக உழைத்தே தேய்ந்தவர். ஆனால் அவருடைய சைக்கிள் மணி கேட்டால் நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு மூலை. எனக்கு ஆறு வயதில் உம்மாவின் கண்ணாடிக் குடம் ஒன்றை உடைத்துவிட்டேன். உடைந்த துண்டுகளைப் பாவாடையில் அள்ளிக் கிணற்றடி வாழைக்குள் புதைத்தேன். கையில் வெட்டி இரத்தம். அதைக்கூட யாருக்கும் காட்டவில்லை, மண்ணை அப்பி வைத்தேன். புண் சீழ் கட்டிக் காய்ச்சல் வந்தபிறகுதான் வீட்டுக்குத் தெரியும். குடத்தைக் கவனமாகத் தூக்க வேண்டும் என்று நான் படிக்கவில்லை. பிடிபடாமல் இருக்க வேண்டும் என்றுதான் படித்தேன்.

என் மகன் போன மாதம் மீன்தொட்டியில் சம்போவை ஊற்றிவிட்டு நேரே என்னிடம் ஓடி வந்து, “உம்மா, மீனுக்குத் தலை முழுக வாத்தேன்” என்றான். இரண்டு மீன் செத்துவிட்டது. எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் அவன் ஓடி வந்து சொன்னான். அந்த ஓட்டத்தை நான் இழக்க விரும்பவில்லை. அவனும் நானும் சேர்ந்து தொட்டியைக் கழுவினோம், செத்த மீனை அவனே புதைத்தான். அவனுக்குத் தண்டனை அதுவே போதும்.


நேர்சரி டீச்சர்
திங்கள், பிற்பகல் 1.30

கிண்ணியா உம்மா எழுதியதை வாசித்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். நான் சொல்ல வந்ததும் அதுதான். செய்த காரியத்தோடு ஒட்டிய விளைவுதான் சின்னப் பிள்ளைக்கு விளங்கும். தண்ணீரை ஊற்றினால் துடைக்க வேண்டும். விளையாட்டுச் சாமானால் அடித்தால் அந்தச் சாமான் அன்றைக்கு அலுமாரிக்கு மேலே. தங்கச்சியைக் கிள்ளியதற்கு ரீவி இல்லை என்றால், அவனுக்கு ரீவிக்கும் கிள்ளலுக்கும் என்ன தொடர்பு என்று பிடிபடாது. அம்மா கெட்டவர் என்பது மட்டும் பிடிபடும்.

கிள்ளினால் முதலில் தங்கச்சியைத் தூக்குங்கள். அவளுக்குத் தடவிக் கொடுங்கள். அவனை நிமிர்ந்துகூடப் பார்க்க வேண்டாம். பிறகு அவன் உயரத்துக்குக் குந்தியிருந்து, “கிள்ளினால் நோகும். கிள்ளுகிற நேரம் தங்கச்சி பக்கத்தில் இருக்க ஏலாது” என்று ஒரு வசனம். விறாந்தையில் உங்கள் கண் படும் இடத்தில் ஒரு கதிரை. எத்தனை வயதோ அத்தனை நிமிடம் என்பது பொதுவான கணக்கு, அவனுக்கு நான்கு நிமிடம் போதும். அறைக்குள் பூட்டுவது, இருட்டில் விடுவது, குளியலறையில் நிறுத்துவது எல்லாம் கூடவே கூடாது. நான்கு நிமிடம் முடிந்தால் கதை முடிந்தது. இரவு அப்பா போன் எடுக்கும்போது அதைத் திரும்ப எடுத்து வைக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. அவன் கிள்ளாமல் இருக்கிற நேரத்தைக் கவனியுங்கள். தங்கச்சிக்குப் பக்கத்தில் சும்மா இருந்து விளையாடுகிறானா, போய்த் தலையைத் தடவி, “தங்கச்சிக்குக் காரைக் காட்டினீங்க, அவ சிரிச்சா” என்று நடந்ததைச் சொல்லுங்கள். “கெட்டிக்காரன்” என்று சும்மா சொன்னால் எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. அவன் என்ன செய்தான் என்பதைச் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக அந்தப் பிள்ளைக்கு அம்மாவின் முழுக் கண்ணும் கிடைப்பது குழப்படி செய்யும்போது மட்டும்தான் என்று நினைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. கைக்குழந்தை உள்ள எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கிறது.

“பொலிஸ் மாமா பிடிப்பார்”, “உன்னை விட்டுவிட்டுப் போய்விடுவேன்” என்று வெருட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். வழி தவறினால் பிள்ளை ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய ஆளே பொலிஸ்தான். செய்ய முடியாத எதையும் சொல்லாதீர்கள்.


தம்பலகாமம் சேர்
திங்கள், இரவு 8.15

நான் பாடசாலை ஆசிரியர். பழையவர் ஐயா எழுதியதற்கு இரண்டு விஷயம் சேர்க்க விரும்புகிறேன்.

நம் நாட்டில் பாடசாலையில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்து 2005 இலேயே கல்வி அமைச்சு சுற்றுநிருபம் அனுப்பியது. 2021 பெப்ரவரியில், ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுவீடன் 1979 இலேயே வீட்டில் அடிப்பதையும் தடைசெய்துவிட்டது. அங்கே பிள்ளைகள் பயமில்லாமல்தான் வளர்கிறார்கள், நாடு குட்டிச்சுவராகவில்லை. நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அடிமட்டத்தால் கையில் அடித்திருக்கிறேன். அந்தப் பையன் இப்போது பெரிய ஆள், ரோட்டில் கண்டால் “சேர்” என்று சிரிக்கிறான். எனக்கு அவன் கையைப் பார்க்க முடியவில்லை.

மற்றது பரிசு பற்றியது. அமெரிக்காவில் 1973 இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் நேர்சரிப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகள். ஒரு கூட்டத்துக்கு “வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம்” என்று முதலே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல், வரைந்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. ஓரிரண்டு வாரம் கழித்து மார்க்கர்களைச் சும்மா வைத்துப் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதியளவு நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

ஆகவே உப்புவெளி அம்மா, அவன் தானாக விரும்பிச் செய்கிற எதற்கும் விலை வைத்துவிடாதீர்கள். படம் கீறுவது, கதை கேட்பது, தங்கச்சியோடு கொஞ்சுவது எல்லாம் அப்படியே இருக்கட்டும். டீச்சர் சொன்ன சிப்பி, அவனுக்குப் பிடிக்காத வேலைக்கு மட்டும்.


திருமலை பழையவர்
திங்கள், இரவு 9.30

சேர், கிண்ணியா மகள், இருவர் எழுதியதையும் இரண்டு முறை வாசித்தேன். குடம் புதைத்த கதை மனதை விட்டுப் போகவில்லை. என் தம்பி ஒருவன் பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனவன், பல வருடம் கடிதம்கூட இல்லை. ஏழு பேரும் ஆளாகினோம் என்று காலையில் எழுதினேன். அவனை நினைக்காமல் எழுதிவிட்டேன்.

ஆனாலும் ஒரு கேள்வி, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பேரன் கையை உதறிவிட்டு நிலாவெளி ரோட்டுக்கு ஓடுகிறான். பஸ் வருகிறது. அங்கே சிப்பியும் கதிரையும் என்ன செய்யும்? ஒரு அடி போட்டால் அடுத்த முறை ஓட மாட்டான் அல்லவா?


நேர்சரி டீச்சர்
திங்கள், இரவு 10.05

ஐயா, நல்ல கேள்வி. ரோட்டில் பாடம் நடத்த நேரமில்லை, பாய்ந்து பிடிக்க வேண்டும், சத்தம் போட வேண்டும், அவ்வளவுதான். அடித்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கு நினைவில் நிற்பது அடியும் உங்கள் முகமும். பஸ் நினைவில் நிற்காது. பிறகு அன்றைக்கு முழுக்க ரோட்டில் கையைப் பிடித்தபடிதான் நடை, அவன் எவ்வளவு கத்தினாலும். “கையை விட்டு ஓடினீங்க, அதனால் இன்றைக்குத் தாத்தா கையை விட மாட்டார்.” இதுதான் ஓடியதற்கு ஒட்டிய விளைவு. அந்த வயதில் ரோட்டு ஓரத்தில் பிள்ளையின் புத்தியை நம்பி நாங்கள் ஒருபோதும் கையை விடக் கூடாது, அடித்த பிள்ளையானாலும் சரி, அடிக்காத பிள்ளையானாலும் சரி.


கட்டார் அப்பா
செவ்வாய், அதிகாலை 1.20

நான் தோகாவில் வேலை. மகளுக்கு ஐந்து வயது, மூதூரில் அம்மாவோடு இருக்கிறாள். போனில் பேசும்போது “அம்மா சொல்வதைக் கேட்டால் வரும்போது பெரிய பொம்மை” என்பேன். எத்தனை பொம்மைக்கு வாக்குக் கொடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. போன வருடம் லீவில் போனபோது பெட்டியைத் திறக்கும் வரைக்கும் என் மடியில் இருந்தாள். திறந்தபின் பொம்மையோடு போய்விட்டாள். அன்று இரவு எனக்கு வந்த அழுகையை மனைவிக்கும் சொல்லவில்லை.

இப்போது வாக்குக் கொடுப்பதை விட்டுவிட்டேன். இரவு எட்டரைக்கு ஒரு கதை, நரி, முதலை என்று வாயில் வந்ததைச் சொல்வேன். பாயில் படுத்துத் தயாராக இருந்தால்தான் கதை தொடங்கும். இது பரிசா, பழக்கமா என்று டீச்சர்தான் சொல்ல வேண்டும். மனைவி சொல்கிறாள், எட்டே காலுக்கே தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு இருக்கிறாளாம்.


உப்புவெளி அம்மா
செவ்வாய், பிற்பகல் 2.40

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கணவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஒரு சிக்கல். நான் இல்லை என்று சொல்வதை என் அம்மா முந்தானைக்குள் வைத்துக் கொடுக்கிறார். நான் கதிரையில் இருத்தினால் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போகிறார். “சின்னப் பிள்ளையை ஏன் வதைக்கிறாய்” என்கிறார். அம்மாவோடு சண்டை பிடிக்கவும் மனமில்லை. அவர் இல்லாவிட்டால் இந்த எட்டு மாதத்தை நான் கடந்திருக்க மாட்டேன்.


நிலாவெளி அம்மம்மா
செவ்வாய், மாலை 6.15

பிள்ளை, நானும் முந்தானையில் டொபி முடிந்து கொடுக்கிற அம்மம்மாதான். பேத்திதான் எனக்கு இதைத் தட்டித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல.

உன் அம்மாவைக் கண்டிக்காதே. பேரப்பிள்ளை நம்மிடம் ஓடி வருகிற காலம் கொஞ்சம்தான் என்று எங்களுக்குத் தெரியும். டொபி கொடுத்தால் வருவான் என்ற பயத்தில்தான் கொடுக்கிறோம். டொபியைப் பறித்தால் அவவிடம் வேறு என்ன இருக்கும் என்று யோசி. என் மகள் என்ன செய்தாள் என்றால், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப் போவது அம்மம்மாவின் வேலை என்று பேரனிடம் சொல்லிவிட்டாள். ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளி அள்ளி ஊற்றுவேன். ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. எந்தக் கிணறு ஆகச் சூடு என்று அவன் கண்டுபிடித்துக் கத்துவான். வருகிற வழியில் இலந்தைப்பழம் விற்றால் வாங்குவோம். இப்போது நான் வந்தால் முந்தானையைத் தேடுவதில்லை, “எப்ப கன்னியா?” என்றுதான் கேட்கிறான்.

உன் அம்மாவுக்கும் அவனோடு செய்ய ஒரு வேலை கொடு. அதற்குப் பிறகு கதிரை விஷயத்தைப் பக்குவமாகச் சொல். பிள்ளைக்கு முன்னால் சொல்லாதே.


உப்புவெளி அம்மா
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9.20

சொன்னபடி வந்து எழுதுகிறேன். வரிசையாக எழுத வராது, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சிப்பியை உப்புவெளிக் கடற்கரையில் அவனே பொறுக்கினான். (புறாத்தீவில் பொறுக்கலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அது தேசிய பூங்கா, அங்கிருந்து ஒன்றும் எடுக்கக் கூடாது.) முதல் மூன்று நாள் பிரமாதம். நான் நினைத்தேன், இவ்வளவுதானா விஷயம் என்று. நாலாம் நாள் “டொபிதான் வேணும்” என்று தொடங்கி வீட்டைத் தலைகீழாக்கினான். போத்தலைக் கவிழ்த்துக் கொட்டினான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அழுகை. முன்பு ஒருநாளும் அவ்வளவு அழுததில்லை. எனக்கு உள்ளுக்குள் நடுக்கம், ஒன்றைக் கொடுத்து முடித்துவிடுவோமா என்று கை அலுமாரி வரை போய்விட்டது. டீச்சருக்கு மெசேஜ் போட்டேன். “நிறுத்துவதற்கு முன் ஒருதரம் இப்படிக் கூடும், இப்போது கொடுத்தால் முதலில் இருந்து” என்று உடனே பதில் வந்தது. நானும் அம்மாவும் விறாந்தையில் பேசாமல் இருந்தோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவனே வந்து என் மடியில் படுத்து நித்திரையாகிவிட்டான். காலையில் எழும்பிச் சிப்பிகளைப் பொறுக்கிப் போத்தலில் போட்டான். ஒன்று உடைந்திருந்தது, அதையும் போட்டான்.

டச்பேக்கு இரண்டு தரம் போனோம். ஒரு தரம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் நுனியை அவன் பிடிக்க ஒரு பெரியவர் இடம் விட்டார். நாற்பது நிமிடம் அந்தக் கயிற்றை விடவில்லை. அதற்கு யாரும் ஒன்றும் தரவில்லை, அவனும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது கோட்டை வாசலில் மான்கள் நின்றன. “வலை பாரம்” என்று ஒரு மானுக்குச் சொல்லிக்கொண்டு வந்தான்.

கிள்ளுவது நிற்கவில்லை. குறைந்திருக்கிறது. கதிரையில் நான்கு தரம் இருந்தான். ஐந்தாவது தரம் நான் வாயைத் திறக்க முதல் தானே போய் இருந்துகொண்டு, “நாலு நிமிசம் முடிஞ்சா கூப்பிடுங்கோ” என்றான். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவனை அடிக்கவில்லை. ஒரு நாள் கத்தினேன். பிறகு போய் “அம்மா கத்தினது பிழை” என்றேன். அவன் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான்.

கோணேசர் கோயிலுக்கு நேற்றுப் போனோம். போக முதலே சொன்னேன்: கச்சான் மட்டும், வரும்போது. அந்த நுரைத் துப்பாக்கிக் கடைக்கு முன்னால் நின்றான். என் கையை இறுக்கிப் பிடித்தான். உதடு துடித்தது. “கச்சான்தானே?” என்றான். “கச்சான்தான்” என்றேன். நடந்தான்.


நேர்சரி டீச்சர்
சனி, இரவு 10.30

வாசித்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கதிரைக்குத் தானே போனது கெட்டது இல்லை. ஆனால் கிள்ளிவிட்டுக் கதிரையில் இருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று அவன் நினைக்கக் கூடாது. எழும்பி வந்தபின் தங்கச்சிக்கு ஒன்று செய்யட்டும். நனைந்த துணியால் கிள்ளின இடத்தைத் தடவட்டும், அல்லது விழுந்த கிலுகிலுப்பையை எடுத்துக் கொடுக்கட்டும்.

கட்டார் அப்பா, உங்களுக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். அது பரிசாகத் தொடங்கி இப்போது பழக்கமாகிவிட்டது. நிறுத்தாதீர்கள்.

இதை வாசிக்கிற மற்ற அம்மாக்களுக்கும் ஒன்று. என்னிடம் ஒரு பிள்ளை வந்தான். “சொல்வழி கேளாதவன்” என்று வீடு முழுக்கப் பெயர். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், நேரே நின்று சொன்னால் செய்வான். பரிசோதித்தால் இரண்டு காதுக்குள்ளும் நீர் கட்டி, கேட்பது குறைவாம். இரண்டு வருடம் ஏச்சும் அடியும் வாங்கியிருக்கிறான். ஒரு பிள்ளை எதற்குமே அசையவில்லை, பேச்சு வயதுக்குப் பிந்துகிறது, கண் பார்த்துப் பேசவில்லை என்றால் பரிசும் கதிரையும் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் யாராவது பிள்ளையை அளவுமீறி அடிக்கிறார்கள் என்றால் 1929 க்கு எடுக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.


திருமலை பழையவர்
ஞாயிறு, காலை 7.10

பேரனோடு நேற்று முழுக்கக் கையைப் பிடித்தே நடந்தேன். கடைசியில் அவன் என் கையை விடவில்லை, கடைக்குள் போன பிறகும். உப்புவெளி மகளுக்கு ஒரு கேள்வி: ஜாம் போத்தலுக்கு மூடி போடுவதா, விடுவதா?


உப்புவெளி அம்மா
ஞாயிறு, காலை 7.35

மூடி வேண்டாம் ஐயா. திறந்து மூடத் தெரியாமல் கோபம் வருகிறது. கண்ணாடியும் வேண்டாம், எங்களுடையது கவிழ்த்த நாள் விளிம்பு தெறித்துவிட்டது. பழைய மைலோ பேணி ஒன்றை எடுங்கள். சிப்பி விழுகிற சத்தம் அதில் இன்னும் பலமாகக் கேட்கும்.